புகை நிமிர்ந்து போகும் நேரம்

புனேயில் கிறிஸ்தவர்கள் இருக்கும் தெருக்களில் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி கிழவனைக் கொளுத்துவார்கள். போகிற வருஷம்தான் அந்தக் கிழவன். வைக்கோல் திணித்த பழைய பேண்ட், கோட்டு, தலையில் தொப்பி, வாயில் ஒரு பீடி. பன்னிரண்டு மணி அடித்ததும் தீ வைத்துவிட்டுக் கேக் வெட்டப் போய்விடுவார்கள். கட்கிப் பகுதியில் பேக்கரி கல்லி என்கிற சந்துக்காரர்கள் மட்டும் அப்படிச் செய்வதில்லை. அவர்கள் முதலில் வானத்தைக் கேட்பார்கள், பிறகுதான் தீக்குச்சியை உரசுவார்கள்.

அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் ஆஸ்டினின் மனைவி ஃபேபியோலா. சென்ற ஜூலையில், மழை கொட்டிய ஒரு நாளில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவளைப் பற்றி யாராவது கேட்டால் ஆஸ்டின் அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்வதில்லை. அந்த வழக்கம் தொடங்கிய வருஷத்துக் கிழவனைப் பற்றித்தான் சொல்வான்.

கிழவனைச் செய்கிற உரிமை ஆஸ்டினின் அப்பா ஜார்ஜுடையது. ராணுவத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே உலோகத்துக்குக் காட்டிய கறாரை இங்கே வைக்கோலுக்குக் காட்டுவார். வைக்கோல் காய்ந்திருக்க வேண்டும், ஆனால் நொறுங்கக் கூடாது. கோட்டுக்குப் பித்தான் போட்டிருக்க வேண்டும். அடிவயிற்றில் ஈரச் சாக்கு ஒன்று வைத்தால்தான் கிழவன் சட்டென்று விழாமல் விடியும்வரை புகைந்து கொண்டிருப்பான். வேலூரிலிருந்து பட்டாளத்தோடு வந்த அவருடைய தாத்தா காலத்திலிருந்து இந்தக் கல்லியில் கிழவன் பன்னிரண்டு மணிக்கு முன்னால் செத்ததில்லை என்பது அவர் பெருமை.

அந்தப் பெருமைதான் ஒரு வருஷம் அவரைப் படுக்கவைத்தது. வானம் கழுவி விட்டாற்போல் இருந்த இரவு அது. நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன, காற்று ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை. வானம் சுத்தமாக இருக்கிறது, புகையெல்லாம் போய்விடும் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். தீ எரிந்தவரை புகை மேலே போனது. தீ அடங்கி ஈரச் சாக்கு புகைய ஆரம்பித்ததும் அது போகவில்லை. பேக்கரி கல்லி ஒரு பள்ளம். ஒரு முனையில் ராணுவத்தாரின் உயரமான மதில், மறு முனையில் முளா ஆறு. புகை அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்குவதுபோல் தேங்கியது. விடிந்தபோது எதிர்வீடு தெரியவில்லை. ஏற்கெனவே நெஞ்சுச் சளியும் இழுப்புமாக இருந்த ஜார்ஜை நீலம்பாரித்த உதடுகளோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னொரு முறை இப்படிப் புகை குடித்தால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த டிசம்பர் வந்தபோது, ஊரின் மறுகோடியில், கராடியில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அன்று ஒருநாள் மட்டும் போய்வரச் சொல்லி ஆஸ்டின் கெஞ்சிப் பார்த்தான். என் கிழவன் இங்கே எரியும்போது நான் அங்கே போய் டிவி பார்க்கவா என்று ஜார்ஜ் மறுத்துவிட்டார். ஈரச் சாக்கை எடுத்துவிட மட்டும் சம்மதித்தார். அதுகூட மருமகள் கேட்டதால்.

ஃபேபியோலாவுக்கு வேலை பிம்ப்ரியில். தொழிற்சாலைகளுக்குப் புகைபோக்கி எவ்வளவு உயரம் வைத்தால் புகை ஊர்மேல் இறங்காது என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற ஒரு சின்ன நிறுவனம். வீட்டில் அவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. சமையலறை ஜன்னலில் நின்றால் கல்லியின் பேக்கரிப் புகைபோக்கி தெரியும். விறகடுப்புப் பேக்கரி, நாள் முழுக்கப் புகை உண்டு. காலையில் டீ போடும்போது அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்றைக்குத் துணி மாடியில் காயப்போடலாம், ஒன்பது மணிக்கு மேல் போடு, அதற்கு முன்னால் கரி இறங்கும் என்பாள். இறங்கும். கல்யாணமான புதிதில் ஆஸ்டின் இதை ஜோசியம் என்றுதான் நினைத்தான்.

ஒரு நாள் ஸ்கூட்டர் டயரில் காற்றைத் திறந்துவிட்டு, வால்வின் முன்னால் அவன் விரலைப் பிடித்து வைத்தாள். காற்று ஜில்லென்று அடித்தது. நெருக்கத்திலிருந்து விடுபட்டு விரிகிற காற்று தன் சூட்டையே செலவழித்து விரிகிறது, அதனால் குளிர்கிறது என்றாள். தரையிலிருந்து மேலே போகிற காற்றும் அப்படித்தான். மேலே போகப் போக அழுத்தம் குறையும், காற்று விரியும், குளிரும். ஈரமில்லாத காற்று என்றால் நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. அது எந்த ஊரிலும் மாறாத சுபாவம். மாறுவது அக்கம்பக்கத்துக் காற்று. அது ஒரு நாள் உயரம் போகப் போக வேகமாகக் குளிர்ந்திருக்கும், ஒரு நாள் மெதுவாக, ஒரு நாள் தலைகீழாக மேலேதான் சூடாக இருக்கும்.

"நீதான் அந்தக் காத்துன்னு வெச்சுக்க. ஒரே கேள்விதான் ஆஸ்டின். மேல போய் நிக்கும்போது அக்கம்பக்கத்தவிட நீ சூடா இருக்கியா, குளிரா இருக்கியா? சூடா இருந்தா லேசா இருப்ப, இன்னும் மேல போவ. குளிர்ந்துட்டேன்னா கனம். வந்த வழியே இறங்க வேண்டியதுதான்."

பள்ளிக்கூட ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த ஆஸ்டினுக்கு, படித்த எந்தப் பாடமும் இப்படி விரல் நுனியில் வந்து உட்கார்ந்ததில்லை. தன் பெண்டாட்டிக்குத் தெரிந்தது சாதாரண விஷயமில்லை என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் பட்டது.

அந்த டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் கல்லியில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஃபேபியோலா தன் யோசனையைச் சொன்னாள். கிழவனைப் பகல் மூன்று மணிக்குக் கொளுத்தலாம். அந்த நேரத்தில் வெயில் தரையைச் சுட வைத்திருக்கும், தரையை ஒட்டிய காற்று சூடாகிக் கிளம்பிக்கொண்டே இருக்கும், புகையும் அதோடு போய்விடும். ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் திறந்த வானத்துக்குக் கொடுத்துவிட்டுச் சில்லிட்டுப் போகும். குளிர்காற்று பள்ளத்தில் படியும், சூடான காற்று அதன்மேல் மூடிபோல் உட்காரும். போன வருஷம் நடந்தது அதுதான்.

முதலில் சிரித்தவள் பக்கத்து வீட்டு ஷீலா. பாடகர் குழுவின் தலைவி. அவள் குரல் மதில் தாண்டிக் கேட்கும்.

"மூணு மணிக்கே வருஷத்த முடிச்சுட்டா, மிச்ச ஒம்பது மணி நேரம் நாங்க எந்த வருஷத்துல இருக்கறது ஃபேபி?"

கல்லியே சிரித்தது. ஜார்ஜ் சிரிக்கவில்லை.

"அவன் சாவறதுக்கு டைம் இருக்கு பாப்பா," என்றார். "உசுரோட இருக்கறவன கொளுத்துனா அது கொலை."

மேலே போனால் குளிரும் என்பது குழந்தைக்கும் தெரியும், இல்லாவிட்டால் ஜனங்கள் எதற்கு மகாபலேஷ்வர் மலைக்குப் போகிறார்கள் என்றும் கேட்டார். மேலே சூடு, கீழே குளிர் என்கிற பேச்சை அவர் நம்பத் தயாராக இல்லை. ஃபேபியோலா வாதாடவில்லை. அளந்து பார்த்துவிடலாமா மாமா என்று மட்டும் கேட்டாள். அளப்பது என்றதும் பழைய பரிசோதகர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆஸ்டின் பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகளை வாங்கி வந்தான். கல்லியின் எதிரே புதிதாக எழும்பியிருந்த எட்டு மாடிக் கட்டடத்தில், சென்னையிலிருந்து வந்த முகுந்த் என்கிற கம்ப்யூட்டர்காரர் குடியிருந்தார். மொட்டை மாடிச் சாவிக்கு அவரிடம் சொல்லி ஏற்பாடு செய்தார்கள். வானம் தெளிந்திருந்த ஒரு மாலை, விளக்கு வைத்துச் சற்று நேரம் கழித்து, ஆஸ்டின் ஒரு வெப்பமானியோடு மேலே நின்றான். இன்னொன்றோடு ஜார்ஜ் கல்லியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இடையில் போன்.

கீழே காட்டியதைவிட மேலே இரண்டு டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தது.

அப்பா போனில் எண்ணைத் திருப்பிப் படிக்கச் சொன்னார். பிறகு வெப்பமானிகளை இடம் மாற்றச் சொன்னார். எந்தக் கருவியையும் ஒரு தடவை நம்பக்கூடாது என்றார். ஆஸ்டின் எட்டு மாடி இறங்கி, மாற்றிக்கொண்டு மறுபடி ஏறினான். அப்போதும் மேலேதான் சூடு. அவன் மூச்சு வாங்க இறங்கி வந்தபோது ஜார்ஜ் ஷீலாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மூணு மணி. யாரும் லேட் பண்ணக் கூடாது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் ஃபேபியோலா கெட்டிக்காரி என்பதோடு போயிருக்கும். அவள் யார் என்பது ஆஸ்டினுக்குத் தெரிந்தது முப்பத்தொன்றாம் தேதிதான்.

அன்று விடியும்போதே பனிமூட்டம். கட்கியில் அது வழக்கம்தான், ஒன்பது பத்து மணிக்குக் கலைந்துவிடும். அன்றைக்குக் கலையவில்லை. அதற்குமேல் சாம்பல் நிறத்தில் மேகம் வேறு வந்து மூடிக்கொண்டது. மத்தியானமாகியும் யார் நிழலும் தரையில் விழவில்லை. இலை அசையவில்லை. ஃபேபியோலா சோறு வடிக்கிற இடைவெளியில் எல்லாம் ஜன்னலுக்குப் போய்ப் போய் வந்தாள்.

மூன்று மணிக்குக் கல்லி நிறைந்துவிட்டது. பகலில் கிழவனைக் கொளுத்துகிறார்களாம் என்று பக்கத்துத் தெருக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள், பாதிப் பேர் சிரிப்பதற்காகவே. டோல் மேளம் அடிக்கிறவர்களும் வந்தாயிற்று. கிழவன் புதுத் தொப்பியோடு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஜார்ஜ் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கோட்டு சூட்டோடு நின்றார். இழுப்புக்கான பம்ப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அவ்வளவு நம்பிக்கை.

ஃபேபியோலா பேக்கரிப் புகைபோக்கியைப் பார்த்தாள். புகை ஓட்டுக்கு மேலே கொஞ்சம் எழும்பி, யாரோ கையால் அமுக்கியதுபோல் வளைந்து, துவைத்த வேட்டியை விரித்தாற்போல் தட்டையாகக் கல்லியின்மேல் படுத்துக் கிடந்தது. ஆஸ்டினை மேலே அனுப்பினாள். அவன் மொட்டை மாடியில் நின்று படித்துச் சொன்னான். பகல் மூன்று மணிக்கு, இன்னும் மேலேதான் சூடு.

போனை அவள் அணைக்கவில்லை. அதனால் கீழே நடந்தது முழுக்க ஆஸ்டின் காதில் விழுந்தது.

"மாமா, கொளுத்த வேணாம்."

டோல் நின்றது. பக்கத்துத் தெருக்காரர் யாரோ மராத்தியில் ஏதோ சொல்ல, ஒரு சிரிப்பலை. பிறகு ஷீலாவின் குரல்.

"பகல்னு சொன்னது யாரு ஃபேபி? நாங்களா? ஊரையே கூட்டி வெச்சுட்டு இப்ப வேணாம்னா இன்னா அர்த்தம்?"

ஆஸ்டின் மாடி விளிம்புக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தான். சும்மா கொளுத்திவிட்டால்தான் என்ன, சாக்கை எடுத்தாயிற்றே, அவ்வளவு புகை வராதே என்று அவன் நினைத்தான். அவள் மானம் போகாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. அப்பாவின் நெஞ்சு அந்த நிமிஷம் அவன் நினைவில் இல்லை. அவள் நினைவில் இருந்தது.

"நான்தான் சொன்னேன்," என்றாள் ஃபேபியோலா. சத்தம் போடவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "தப்பு என்னோடது. மணிய சொல்லியிருக்கக் கூடாது, வெயில சொல்லியிருக்கணும். இன்னிக்கு வெயில் தரையத் தொடவே இல்ல. காலைல போட்ட மூடி இன்னும் தெறக்கல. இப்ப கொளுத்துனா எல்லாம் மாமா நெஞ்சுலதான் வந்து உக்காரும்."

"அப்ப எப்ப?" என்றார் ஜார்ஜ்.

"தெரியல மாமா. காத்து வந்தா சொல்றேன்."

தெரியல என்ற அந்த ஒரு சொல்லை அத்தனை பேர் முன்னால் சொல்ல எத்தனை படித்தவர்களால் முடியும் என்று ஆஸ்டின் பிறகு பல முறை யோசித்திருக்கிறான். அவன் இறங்கி வந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. டோல்காரர்கள் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள். ஜார்ஜ் தீப்பெட்டியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, கிழவனின் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஃபேபியோலாவும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவள் கண் புகைபோக்கியை விட்டு நகரவில்லை. மாலை டீயைக்கூட ஆஸ்டின் அங்கேதான் கொண்டுவந்து கொடுத்தான்.

விளக்கு வைத்த பிறகு ஷீலா வீட்டு வாசலில் தொங்கவிட்டிருந்த காகித நட்சத்திரம் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக. பிறகு கயிறு முறுக்கிக்கொள்ளும் அளவுக்கு. பேக்கரிப் புகை தட்டையாக இருந்ததை விட்டுச் சாய்வாக நிமிர்ந்து, விரிந்துகொண்டே ஆற்றுப் பக்கம் போனது. ஃபேபியோலா எழுந்தாள். வெப்பமானி, ஆஸ்டின், எட்டு மாடி. இந்தத் தடவை மேலே இருந்தது கீழே இருந்ததைவிட ஒரு கோடு குறைவு.

காற்று எல்லாவற்றையும் கலக்கிவிட்டது என்று அவள் விளக்கினாள். மேகம் போகவில்லை, அது இன்றைக்கு நமக்கு நல்லது. கம்பளிபோல் மூடிக்கொண்டிருக்கிறது, தரையின் சூட்டை வெளியே விடாது. போன வருஷம்போல் தரை சில்லிட்டுப் போகாது. காற்றும் மேகமும் இருக்கிறவரை எப்போது வேண்டுமானாலும் கொளுத்தலாம்.

"எப்ப வேணும்னாலும்னா?" ஜார்ஜ் கண்ணைச் சுருக்கிக் கேட்டார். "பன்னண்டு?"

"பன்னண்டுக்கே கொளுத்துங்க மாமா. ஆனா நட்சத்திரம் தெரிஞ்சா நிறுத்திடணும்."

அவர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. இத்தனை சண்டை போட்டு, மூன்று மணிக்கு ஒப்புக்கொள்ள வைத்து, கடைசியில் அவருடைய பன்னிரண்டு மணியை அவளே அவர் கையில் கொடுத்துவிட்டாள். ஜெயித்த பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கிற ஆளை அவர் தொழிற்சாலையிலும் பார்த்ததில்லை என்று ஷீலாவிடம் சொன்னாராம்.

அந்த வருஷம் பேக்கரி கல்லி முழுக்க அண்ணாந்து பார்த்தபடியே கோயிலிலிருந்து திரும்பியது, எங்கேயாவது ஒரு நட்சத்திரம் எட்டிப் பார்த்துவிடுமோ என்ற பயத்தோடு. பார்க்கவில்லை. கிழவன் அவன் நேரத்தில் எரிந்தான். புகை ஆற்றைத் தாண்டிச் சாங்வி பக்கம் உயர்ந்து கரைந்து போனது. காலையில் எதிர்வீட்டு ஜன்னலில் திரையின் பூக்கள்கூடத் தெரிந்தன. ஜார்ஜ் கேக்கைத் தொட்டுக்கொண்டு டீ குடித்தார். பம்ப் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதற்குப் பிறகு யாரும் நேரம் கேட்கவில்லை. டிசம்பர் பிறந்தால் ஃபேபியிடம் கேளுங்கள் என்பார்கள். ஒரு வருஷம் மத்தியானம் இரண்டு மணி, ஒரு வருஷம் மாலை நாலரை. ஒரு வருஷம் ஜனவரி முதல் தேதி மத்தியானம்தான் கொளுத்தினார்கள். செத்தவனைக் காத்திருக்க வைப்பது மரியாதை இல்லை என்று ஷீலா முணுமுணுத்தாலும், வேறு தெருக்காரர்கள் கேலி செய்தபோது அவர்களோடு சண்டைக்குப் போனவளும் அவள்தான்.

இந்த டிசம்பரில் கிழவனைச் செய்ய ஜார்ஜ் தாமதித்தார். வேண்டாமென்றுகூட ஆஸ்டின் சொல்லிப் பார்த்தான். முப்பதாம் தேதி மாலை, அவர் ஆய்வக வெப்பமானி இரண்டையும் மேஜைமேல் வைத்து, ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்டின் வைக்கோல் வாங்கப் புறப்பட்டான்.

முப்பத்தொன்றாம் தேதி நல்ல வெயில். மொட்டை மாடிச் சாவியைக் கொடுத்த முகுந்த், ஊரிலிருந்து வந்திருந்த தன் உறவினர்களைக் கல்லிக்கு அழைத்துவந்து, எத்தனை மணிக்குக் கொளுத்துவீர்கள் என்று கேட்டார். ஷீலா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க கல்லில மணி கெடையாது சார். மணி பாக்கறவங்க மத்த தெருவுல இருக்காங்க. நாங்க காத்த பாப்போம்."

ஆஸ்டின் எட்டு மாடி ஏறினான். முன்னைப்போல் ஒரே மூச்சில் முடியவில்லை. கீழே ஜார்ஜ் நாற்காலியில் உட்கார்ந்து, வெப்பமானியை நிழலில், உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருப்பது தெரிந்தது. அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். போனில் அப்பா தன்னுடையதைப் படித்தார். ஆஸ்டின் தன்னுடையதைப் படித்தான்.

"மேல கம்மிதானே?"

"கம்மிதான்பா. ஒரு கோடு."

"பேக்கரி புகை?"

"நேரா போவுது."

அப்பா வெப்பமானியை மடியில் வைத்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தார். வைக்கோல் சட்டென்று பற்றிக்கொண்டது. கிழவனின் தொப்பி எரிந்து, கோட்டு எரிந்து, புகை முதலில் கறுப்பாகவும் பிறகு வெளுப்பாகவும் எழும்பியது. இரண்டாம் மாடி, நாலாம் மாடி. ஆஸ்டின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். புகை அவன் நின்ற உயரத்துக்கு வந்தது. நிற்கவில்லை, வளையவில்லை. அக்கம்பக்கத்தைவிடச் சூடாக, லேசாக, அவனைத் தாண்டி மேலே போனது.

அவன் குனிந்து பார்த்தான். கீழே ஒருவர்கூட நெருப்பைப் பார்க்கவில்லை. ஷீலா, பேக்கரிக்காரர், பாடகர் குழு, முகுந்தின் உறவினர்கள், எல்லோரும் அண்ணாந்து புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் இன்னும் அணைக்கப்படவில்லை. முகுந்தின் உறவினர் யாரோ, இதையெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பது அதில் கேட்டது. அதற்கு அப்பா, மதிலுக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும் குரலில், இருமாமல் பதில் சொன்னார்.

"என் மருமக. ஃபேபியோலா."